மலையேறினால் எரியும் விளக்கு

மலைப்பாதையின் ஒரு வளைவில், பாறையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றிருந்தேன். காலையில் தின்ற இட்லிகளில் எது முதலில் வெளியே வருவது என்று வயிற்றுக்குள் தகராறு நடந்துகொண்டிருந்தது. எனக்குப் பின்னால் ஒரு சின்ன வெள்ளைக் கார், எஞ்சின் ஓடியபடி காத்திருந்தது. ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்த அலமேலு கண்ணாடியை இறக்கினாள்.

“மேஸ்திரிண்ணா, இன்னும் பாதி மலை கூட ஏறல. அதுக்குள்ளயேவா?”

“நீ ஓட்டறதுல ஒரு குத்தமும் இல்லம்மா. என் வயிறு அப்படி.”

“ஊர்ல இருக்கிற காரையெல்லாம் ரிப்பேர் பண்றீங்க. கார்ல உக்கார வச்சா வாந்தி எடுக்கறீங்க. வெளிய சொல்லிடாதீங்கண்ணா, அப்புறம் ஷெட்டுக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க.”

அவள் சொன்ன அந்த ரகசியத்தை இத்தனை நாள் காப்பாற்றினேன். இன்றைக்கு வாரப் பத்திரிகையிலேயே எழுதிவிட்டேன். எனக்கு எதிரி வெளியில் இல்லை.

வாய் கொப்பளித்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தேன். டாஷ்போர்டைப் பார்த்தேன். எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியவில்லை. அது எரிவதைக் கண்ணால் பார்ப்பதற்காகத்தான் நான் ஜவ்வாது மலை ஏறிக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலத்துக்குள் அது ஏன் எரிகிறது என்று நான் கண்டுபிடிக்காவிட்டால், அலமேலுவின் கார் அவள் கையை விட்டுப் போய்விடும்.

அது எப்படி என்று சொல்லிவிட்டு இதே வளைவுக்குத் திரும்புகிறேன். அதற்குள் நீங்கள் இட்லியை மறந்துவிடுங்கள்.

வண்டிக்கு அடியில் வாழ்க்கை

ஒடுகத்தூரில் எனக்கு ஒரு கார் ஷெட் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை அன்று ஷெட்டுக்குள் கார்களைவிட ஆடுகள் அதிகமாக நிற்கும். ஆடுகளுக்கு நிழல் பிடிக்கும். எனக்கு ஆடுகளைப் பிடிக்கும். அவை வேலை எப்போது முடியும் என்று கேட்பதில்லை.

வாந்தி எடுக்கிறவன் ஏன் கார் மெக்கானிக் ஆனான் என்று கேட்பீர்கள். வண்டிக்குள் உட்கார்ந்தால்தான் எனக்குக் குமட்டும். வண்டிக்கு அடியில் படுத்தால் ஒன்றும் செய்யாது. ஆகவே அடியிலேயே பிழைப்பை அமைத்துக்கொண்டேன்.

இந்த வயிறு என் கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தது. பெண் வீடு சந்தவாசல். மாப்பிள்ளை அழைப்புக்குப் பூ ஜோடித்த கார். ஆமை வேகத்தில் ஊரைச் சுற்றினார்கள். இரண்டாவது தெருவில் எனக்கு உலகம் சுற்றியது. கதவைத் திறந்து, மாலையோடு இறங்கி, இருட்டுச் சந்துக்குள் ஓடினேன். “மாப்பிள்ளை ஓடறான், புடிங்கடா!” என்று ஒரு குரல். என் மச்சான்கள் துரத்திப் பிடித்தபோது நான் சாக்கடை ஓரத்தில் குனிந்திருந்தேன். உடனே அடுத்த வதந்தி: மாப்பிள்ளை குடிச்சிருக்கான்.

மீதித் தெருக்களை நடந்தே சுற்றினேன். பூ ஜோடித்த கார் ஆளில்லாமல் பின்னால் வந்தது. இன்றைக்கும் சந்தவாசலில் என்னை ‘நடந்து வந்த மாப்பிள்ளை’ என்றுதான் சொல்கிறார்கள்.

சரி, அலமேலுவுக்கு வருவோம்.

ஊர்ப் பெண்களின் பஸ்

அலமேலுவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். மலையில் விளையும் சாமையை அரிசியாக்கி, புளி, பலாப்பழம் என்று அந்தந்தக் காலத்தில் கிடைப்பதையும் சேர்த்து, ஒடுகத்தூர் சந்தைக்குக் கொண்டுவந்து விற்பாள். அதற்காக ஒரு பழைய சின்னக் காரை வாங்கி, ஓட்டவும் கற்றுக்கொண்டாள். அவளுடைய மலை ஊரில் கார் ஓட்டும் முதல் பெண் அவள்தான். அவள் கற்றுக்கொண்டபோது ஊரே சிரித்தது. இப்போது ஊரே அதில் ஏறிக்கொள்கிறது. பின்சீட்டில் மூட்டை, மூட்டைமேல் ஒரு அத்தை, முன்சீட்டில் ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒரு பெண், அவள் மடியில் ஒரு கோழி. பஸ் வந்தாலும் வரும், வராமலும் போகும். அலமேலு வந்துவிடுவாள்.

கார்த்திகை கழிந்த சமயம். ஒரு சந்தை நாளில் மஞ்சள் விளக்கோடு என் ஷெட்டுக்கு வந்தாள்.

“நல்லாத்தான் ஓடுதுண்ணா. ஆனா இது மட்டும் மொறைச்சிக்கினே இருக்குது.”

ஸ்கேனரைச் செருகினேன். செல்போன் திரையில் ‘கோடு’ என்று நாங்கள் சொல்லும் கோளாறு எண் வந்தது: பி-0420.

அந்தக் கடைசி மூன்று எண்களைக் கவனித்திருப்பீர்கள். நம் நாட்டில் அதைப் பெயராக வைத்துக்கொண்டு வரும் கோளாறை எந்த மெக்கானிக்காலும் மரியாதையாகச் சொல்ல முடியாது. யாரையோ ஏமாற்றப் போகிறோம் என்பது போலவே வாய் குழறும்.

விஷயம் இதுதான். எஞ்சினிலிருந்து வரும் புகை, சைலன்சர் பைப்பில் ஒரு தகர டப்பாவைக் கடந்து போகிறது. அதற்குப் பெயர் கன்வெர்ட்டர். உள்ளே தேனடை மாதிரி ஆயிரம் ஓட்டை. புகையில் உள்ள விஷத்தை அது எரித்துச் சுத்தம் செய்து அனுப்பும். டப்பாவுக்கு முன்னால் ஒரு சென்சார், பின்னால் ஒரு சென்சார். இரண்டு மூக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டிலும் இதே ஏற்பாடு உண்டு. நான் ஷெட்டிலிருந்து வந்ததும் வாசலில் என் மனைவி ஒரு முறை முகர்ந்து பார்ப்பாள். குளித்துவிட்டு வந்தபின் இன்னொரு முறை. இரண்டு முறையும் ஒரே வாசனை அடித்தால், நான் குளிக்கவில்லை, தண்ணீரைத் தரையில் ஊற்றிவிட்டு வந்திருக்கிறேன் என்று பொருள். உடனே விளக்கு எரியும். அது மஞ்சள் விளக்கு அல்ல, நேரே சிவப்புதான்.

காரிலும் அப்படியே. இரண்டு மூக்கும் ஒரே வாசனையைச் சொன்னால், நடுவில் இருக்கும் டப்பா வேலை செய்யவில்லை என்று கம்ப்யூட்டர் முடிவு செய்து கோடு போடும்.

“டப்பா போச்சும்மா” என்று நானும் கம்பீரமாகத் தீர்ப்புச் சொன்னேன். அதன் விலையைக் கேட்டால் அந்தக் காரே வெட்கப்படும். அலமேலு முகம் வாடிவிட்டது. அதைப் பார்த்ததும் எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. என் தீர்ப்புகளில் எனக்கே அவ்வளவு நம்பிக்கை கிடையாது.

துப்பு துலக்கிய லட்சணம்

இந்தத் தொடரில் இதுவரை ஒரு வண்டியையாவது நீங்கள் முதல் தடவையில் சரியாகக் கண்டுபிடித்ததுண்டா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அம்மா, பொறுமையாகப் படியுங்கள். இதுவும் அந்த வண்டி அல்ல.

என் ஷெட்டுக்கு ஒரு பெருமை உண்டு. எந்த வண்டி வந்தாலும் முதல் வேலை, ஜாக்கியில் தூக்கி அடிப்பக்கம் முழுக்கத் தண்ணீர் அடிப்பது. சேறும் தூசியுமாக இருந்தால் எனக்கு வேலை ஓடாது. அதை நானேதான் செய்வேன், பாட்டுப் பாடிக்கொண்டே. அலமேலுவின் காருக்கும் அடித்தேன். அடியிலிருந்து வைக்கோல் கொத்துக் கொத்தாக விழுந்து வாய்க்காலில் மிதந்தது. பக்கத்து வீட்டுப் பசுமாடு வந்து அதை ருசித்துத் தின்றது. மலையில் ஓடும் வண்டியில் வைக்கோல் ஒட்டாமல் தங்கமா ஒட்டும் என்று நான் பாட்டைத் தொடர்ந்தேன்.

பிறகு சூடு பார்க்கும் கருவியை எடுத்தேன். டப்பா உயிரோடு இருந்தால் அதன் பின்பக்கம் முன்பக்கத்தைவிடச் சூடாக இருக்க வேண்டும். இருந்தது. ஆக டப்பா போகவில்லை. அப்படியானால் பின்மூக்கு கெட்டிருக்குமோ? அதையும் சோதித்தேன். நன்றாகத்தான் இருந்தது. பைப் ஜாயின்ட்டைத் தட்டிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. கோடை அழித்துவிட்டு, ஒடுகத்தூரைச் சுற்றி ஓட்டிப் பார்த்தேன். கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டிக்கொண்டுதான். விளக்கு எரியவில்லை.

“சரியாய்ட்ச்சு!” என்று சாவியைக் கொடுத்தேன்.

அடுத்த சந்தைக்கு அலமேலு விளக்கோடு வந்தாள். மறுபடியும் தண்ணீர், பாட்டு, மாடு. மறுபடியும் அழித்தேன். கீழே இருக்கும்வரை எரியாது. மலைக்குப் போனால் எரியும். நம் வீடுகளில் விளக்கு அணைந்தால் அணைந்தது என்று சொல்ல மாட்டோம், மலையேறிவிட்டது என்போம். இந்த விளக்கு எல்லாவற்றுக்கும் நேரெதிர்.

போலீஸ் மாதிரி விசாரித்தேன்.

“பாறைல இடிச்சியா?”

“இல்லண்ணா.”

“பள்ளத்துல விட்டியா?”

“இல்லண்ணா.”

“கேன்ல வாங்கின பெட்ரோலு ஊத்தினியா?”

“பங்க்குல தான் போடறேன். கோயில்ல வேணா சத்தியம் பண்றேன்.”

அவள் பொய் சொல்லவில்லை. நான் கேட்டவைதான் எல்லாமே தப்பான கேள்விகள்.

அண்ணன் வந்தார்

அதற்கடுத்த சந்தைக்கு அவளுடைய அண்ணன் கோவிந்தனும் கூடவே வந்தார். ஐம்பதை நெருங்கும் ஆள். பெரிய மீசை. தோளில் சிவப்புத் துண்டு. காரை வாங்கியது அலமேலு என்றாலும் ஆர்.சி. அவர் பெயரில் இருந்தது. வந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து, நோயாளியின் உறவினர் டாக்டரைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

“இன்னா மேஸ்திரி, வண்டிக்கு இன்னா நோவு?”

“ஒரு கோடு வருதுங்க. பி பூஜ்யம் நாலு இருபது.”

“நாலு இருபதா? ஃபோர் ட்வென்டியா?” துண்டால் தொடையைத் தட்டினார். “கேட்டியா அலமேலு? நான் ஃபோர் ட்வென்டின்னு வண்டியே வாயத் தொறந்து சொல்லுது. இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்?”

ஷெட்டில் நின்ற ஆடுகள்கூடச் சிரித்தன என்று நினைக்கிறேன்.

“கண்ணமங்கலத்துல ஒரு புரோக்கர் கீறாரு” என்றார் கோவிந்தன். “புதன்கிழமை சாயங்காலம் மலைக்கே வந்து வண்டிய பாத்துக்கறேன்னுட்டாரு. இத்த தள்ளிட்டு ஒரு குட்டியானை லோடு வண்டி எடுத்துக்கலாம். மூட்டை ஏத்தினா ஏறும், எறக்கினா எறங்கும். நோவு கீவு கெடையாது.”

“குட்டியானைய யாரு ஓட்டறது?” என்றாள் அலமேலு.

“நான் ஓட்டறேன்.”

“அப்போ நான்?”

“நீ பக்கத்துல ராணி மாதிரி உக்காந்துகினு வா.”

அலமேலு கார் சாவியைச் சேலைத் தலைப்புக்குள் வைத்து இறுக்கிக்கொண்டாள். அண்ணன் டீக்கடைக்குப் போனதும் என்னிடம் வந்தாள்.

“ஸ்டியரிங் புடிச்ச கைண்ணா இது. பக்கத்து சீட்டுல உக்காந்தா கைய எங்க வச்சிக்கறதுன்னே எனக்குத் தெரியாது. அந்த வெளக்கு எரியாம இருந்தா அவுரு வாயத் தொறக்க மாட்டாரு. எதுனா பண்ணுங்க.”

அவள் அழுதிருந்தால் தப்பித்திருப்பேன். அவள் அழவில்லை. கையை விரித்துக் காட்டினாள்.

“புதன்கிழமை காலைல நானே மலைக்கு வர்றேன்” என்று என் வாய் சொல்லிவிட்டது. வயிற்றை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுபடியும் அந்த வளைவு

ஆக, அந்த வளைவு. வாய் கொப்பளித்தேன், உட்கார்ந்தேன், கிளம்பினோம்.

செல்போனில் இரண்டு மூக்கும் வரையும் அலைக்கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன. முன்மூக்கு மேலும் கீழும் குதிக்கும், அதுதான் அதன் குணம். பின்மூக்கு ஏரித் தண்ணீர் போல நேராகப் போக வேண்டும். சமதளத்தில் அப்படித்தான் போனது. ஏற்றத்தில் எஞ்சின் முக்கி இழுக்கும்போதெல்லாம் பின்மூக்கும் சேர்ந்து குதித்தது. மனைவி கண்டுபிடித்துவிட்டாள் என்று அர்த்தம்.

ஊருக்குச் சற்று முன்னால் செங்குத்தான ஒரு ஏற்றம். அலமேலு இரண்டாம் கியரில் போட்டு மிதித்தாள். பளிச்சென்று மஞ்சள் விளக்கு எரிந்தது.

“வந்துட்ச்சு பாருங்க!” என்றாள், விருந்தாளியைக் காட்டுவது போல.

எனக்கு அவ்வளவு சந்தோஷம். பல வாரம் தேடிய திருடனை நேரில் பார்த்துவிட்டேன். வாந்திகூட நின்றுவிட்டது.

ஏற்றம் முடிந்து ஊர் தெரிந்தது. ஊர்ப் பெயரை மட்டும் எழுதாதீர்கள் என்று கோவிந்தன் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. ஏன் கேட்டுக்கொண்டார் என்பது இனிமேல் புரியும். பனி அப்போதுதான் விலகியிருந்தது. ஊருக்கு நடுவே போகும் தார் ரோட்டைக் காணோம். ரோடு முழுக்க, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, அறுத்துக் காயவைத்த சாமைக் கதிர் மெத்தை மாதிரிப் பரப்பியிருந்தது. இரண்டு பக்கமும் பெண்கள், கையில் கதிரைப் புரட்டும் கவைக்கோலோடு நின்றிருந்தார்கள். எங்கள் காரைப் பார்த்ததும் அத்தனை முகமும் மலர்ந்தது.

“வண்டி வந்துட்ச்சு! வண்டி வந்துட்ச்சு!”

மெக்கானிக்குக்கு இப்படி ஒரு வரவேற்பா என்று நான் சட்டைக் காலரைச் சரிசெய்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. கோவிந்தன் சிவப்புத் துண்டை ரயில்வே கார்டு மாதிரி ஆட்டிக்கொண்டு ரோட்டு நடுவே வந்தார். அலமேலு வேகத்தைக் குறைத்தாள். நிறுத்தப் போகிறாள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. கதிரின் மேலேயே நிதானமாக ஏறி, அந்தக் கோடிவரை ஓட்டினாள். பிறகு ரிவர்ஸ். இந்தக் கோடிவரை. பிறகு முன்னால். பெண்கள் கதிரைப் புரட்டிப் புரட்டிப் போட்டார்கள். காருக்கு அடியில் ‘சரக் சரக்’ என்று பெரிய சத்தம். மணி உதிர்ந்துகொண்டிருந்தது.

“ஏ அலமேலு, ஓரமா மெறிக்கல பாரு! இன்னும் ரெண்டு வாட்டி போ!” என்று கத்தினார் அண்ணன்.

ரோட்டில் கதிரைப் பரப்பிப் போகிற வண்டியெல்லாம் மிதிக்கட்டும் என்று விடுவது நம் பக்கத்தில் எல்லா ஊரிலும் உண்டு. வண்டி வருவதே அபூர்வமான ஊரில், சொந்த வண்டியைக் கதிர் மிதித்துப் போரடிக்கும் மாடாக மாற்றியது இவர்கள்தான்.

“அலமேலு…” என்றேன். “இத்த எத்தினி நாளா பண்றீங்க?”

“அறுப்பு ஆரம்பிச்சதுலேர்ந்து. தெனமும் கொஞ்ச நேரம்.”

“என்கிட்ட ஏம்மா சொல்லல?”

“நீங்க பாறைல இடிச்சியான்னு கேட்டீங்க. பள்ளத்துல விட்டியான்னு கேட்டீங்க. சாமை மேல ஓட்டினியான்னு கேக்கலையே?”

“அதெல்லாம் ஒரு கேள்வியா?”

“அதான். அதெல்லாம் ஒரு சேதியா, சொல்றதுக்கு?”

அடியில் என்ன இருந்தது

காரை மேட்டில் ஏற்றி ஜாக்கி போட்டு அடியில் புகுந்தேன். தண்ணீர் அடிக்காமல் அந்தக் காரின் அடிப்பக்கத்தை நான் பார்த்தது அன்றுதான் முதல் முறை. பாட்டும் இல்லை, மாடும் இல்லை.

தூக்கணாங்குருவி ஒரு காலனியே கட்டியது போல இருந்தது. சைலன்சர் பைப்புக்கும் தரைத் தகட்டுக்கும் நடுவே சாமை வைக்கோல் அடைந்து, இறுகி, பைப்பைக் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டிருந்தது. பைப்பைத் தொங்கவிடும் ரப்பர் வளையங்களில் ஒன்று அறுந்துபோய்விட்டது. அது அறுந்ததை ஷெட்டிலேயே ஏன் கவனிக்கவில்லை என்று கேட்காதீர்கள். வைக்கோலைக் கழுவி மாட்டுக்குப் போட்ட நான், ரப்பரைப் பார்க்காமல் விட்டது வேறு கதை. பைப் தொங்கியதால் டப்பாவுக்குப் பக்கத்து ஜாயின்ட்டில் போல்ட் தளர்ந்திருந்தது. சும்மா நின்றால் வாய் மூடியிருக்கும். ஏற்றத்தில் எஞ்சின் ஆடும்போது திறந்துகொள்ளும். வெளிக்காற்று உள்ளே போகும். பின்மூக்கு குழம்பும். டப்பா பாவம், எந்தக் குற்றமும் செய்யவில்லை.

நிரூபிக்க வேண்டுமே. “கொஞ்சம் சோப்புத் தண்ணி குடுங்க” என்று அடியிலிருந்தே கத்தினேன். கோவிந்தனின் மனைவி சரோஜா ஒரு சொம்பில் கரைத்துக் கொண்டுவந்தார். அலமேலு எஞ்சினை ஓடவிட்டு, ஈரச் சாக்கால் சைலன்சர் வாயை ஒரு நொடி அடைத்துப் பிடித்தாள். ஜாயின்ட்டில் சோப்புத் தண்ணீர் தெளித்து, பைப்பைக் கையால் லேசாக ஆட்டினேன். புஸ்ஸென்று நுரை கிளம்பி, குமிழி குமிழியாகப் பறந்தது.

“எல்லாரும் வந்து பாருங்க!”

பாதி ஊர் குனிந்து பார்த்தது. யாருக்கும் எதுவும் புரியவில்லை. குமிழி பறந்ததற்காகக் கைதட்டினார்கள்.

புரிந்தது சரோஜாவுக்குத்தான்.

“அப்போ இந்தச் சாமைதான் வண்டிய இப்படிப் பண்ணிட்ச்சா?”

“ஆமாங்க.”

அவர் புருஷனைத் திரும்பிப் பார்த்தார். “நோவு நோவுன்னு வண்டிய திட்டினது யாரு? நோவு குடுத்தது யாரு? தெனமும் துண்ட ஆட்டிக்கினு ‘இன்னும் ரெண்டு வாட்டி, இன்னும் ரெண்டு வாட்டி’ன்னு கத்தினது யாரு? புரோக்கர்கிட்ட வண்டிய விக்காதீங்க. உங்கள ஒரு வெல கேட்டுப் பாருங்க.”

ஊர் சிரித்தது. கோவிந்தன் மீசையைத் தடவினார்.

“நாலு டயரு கீது. ரோட்ட மெறிக்கறது கதிர மெறிச்சா இன்னான்னு நெனச்சேன். மாடா அது, கால் வலிக்கறதுக்கு?”

நான் அடியிலிருந்து பிடுங்கிய வைக்கோலை அவர் கையில் கொடுத்தேன். மேலே பொன்னிறம். பைப்பைத் தொட்டிருந்த பக்கம் கருகிப் பழுப்பாக இருந்தது. அவர் அதை முகர்ந்தார். மீசையிலிருந்து கை இறங்கிவிட்டது.

“மேஸ்திரி… தீப் பத்தி இருக்குமா?”

“கன்வெர்ட்டர் அடுப்பு மாதிரிங்க. பத்தி இருக்கும்.”

“அவ உள்ள இருக்கும்போதேவா?”

“ஆமாங்க” என்றேன். கோவிந்தன் அந்த வைக்கோலைக் கீழே போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு தங்கையைப் பார்த்தார். அவள் சாக்கை உதறி, சோப்பு நுரையை ஊதி விளையாடிக்கொண்டிருந்தாள்.

பாலைப் பார்ப்பது போல

அடைந்ததையெல்லாம் பிடுங்கினேன். பையில் கொண்டுபோயிருந்த ரப்பர் வளையத்தை மாட்டினேன். ஜாயின்ட்டுக்குப் புது பேக்கிங் வைத்து, போல்ட்டைப் பல்லைக் கடித்து முறுக்கினேன். கோடை அழித்தேன்.

“இப்போ ஓட்டிப் பாக்கணும். கீழ எறங்கி, ஏத்தத்துல ஏறி வரணும்.”

அலமேலு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். முன்சீட்டில் கோவிந்தன். பின்சீட்டில் நான், மடியில் ஒரு பிளாஸ்டிக் பை, முன்னெச்சரிக்கை.

கோவிந்தன் ரோட்டைப் பார்க்கவே இல்லை. பொங்கப் போகும் பாலைப் பார்ப்பது போல டாஷ்போர்டையே பார்த்துக்கொண்டு வந்தார். சரிவில் இறங்கினோம், திரும்பினோம், மறுபடியும் ஏறினோம். அந்தச் செங்குத்தான ஏற்றம். இரண்டாம் கியர். எஞ்சின் முக்கியது. நான் செல்போனைப் பார்த்தேன். முன்மூக்கு குதித்தது. பின்மூக்கு ஏரித் தண்ணீர்.

விளக்கு எரியவில்லை.

இன்னொரு முறை இறங்கி ஏறினோம். எரியவில்லை. இன்னொரு முறை. அது சோதனைக்கு இல்லை, சந்தோஷத்துக்கு. அலமேலு ஒரு வளைவில் ஹாரனை அழுத்திக்கொண்டே திரும்பினாள். எதிரே யாருமில்லை.

“நல்லா ஓட்டற” என்றார் கோவிந்தன்.

“இப்பத்தான் பாத்தியா?” என்றாள் அலமேலு.

நான் பிளாஸ்டிக் பையைப் பயன்படுத்தினேன்.

புரோக்கர் வண்டி

ஊருக்குத் திரும்பியபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்: தரையை ஒட்டி ஓடும் இந்தச் சின்ன வண்டி இனிமேல் கதிரில் இறங்கக்கூடாது.

“செரி” என்றார் கோவிந்தன். ரோட்டைப் பார்த்தார். பாதிச் சாமை இன்னும் மிதிபடாமல் கிடந்தது. பெண்கள் கவைக்கோலை ஊன்றிக்கொண்டு சும்மா நின்றார்கள். பஸ் அன்றைக்கு வராத நாள்.

அப்போதுதான் ஏற்றத்தில் ஒரு கறுப்பு வண்டி தலைகாட்டியது. பெரிய வண்டி. யானை புகுந்து போகலாம் என்பது போல அடியில் அவ்வளவு இடைவெளி. கதிரின் விளிம்பில் தயங்கி நின்றது. வெள்ளைச் சட்டையில் கண்ணமங்கலத்துப் புரோக்கர் தலையை நீட்டினார்.

“இன்னா கோவிந்து, எங்க வண்டி? சாவியக் குடு, ஒரு ரவுண்டு பாத்துட்டு பேசி முடிச்சிடலாம்.”

அலமேலு காரை விட்டு இறங்கவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன.

கோவிந்தன் புரோக்கர் பக்கம் நடந்தார். கருகிய வைக்கோல் அவர் கையில் இன்னும் இருந்தது.

“சாவி எங்கிட்ட இல்லீங்க. வண்டி தங்கச்சியோடது. அவளத்தான் கேக்கணும்.”

“ஆர்.சி. உம்பேருல இருக்குதுன்ன?”

“அது பேப்பரு. ஓட்டறது அவதான். வர்ற வாரம் அதையும் மாத்திடப் போறேன்.”

அலமேலு இறங்கி வந்தாள். புரோக்கரின் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள். நான் செய்ததைப் பார்த்துக்கொண்டிருந்தவள்தானே, குனிந்து அதன் அடிப்பக்கத்தையும் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இது தாங்குமா என்று கண்ணாலேயே கேட்டாள். ஒரு நாளைக்குத் தாங்கும் என்று நான் தலையாட்டினேன்.

“விக்கறதா இல்லீங்க” என்றாள் புரோக்கரிடம், மிக மரியாதையாக. “ஆனா இவ்ளோ தூரம் வந்துட்டீங்க, சாப்பிடாம போவக்கூடாது. அண்ணி கோழி அடிக்கறாங்க. வண்டிய மட்டும் உள்ள வுட்டுட்டு வந்துடுங்க.”

கோழி என்றதும் புரோக்கர் முகம் தெளிந்தது. கறுப்பு வண்டி கதிரின் மேல் ஏறி மெதுவாக வந்தது.

“இன்னும் முன்னாடி… வாங்க, வாங்க… அங்க மாடு கட்டணும், அந்தக் கோடிக்கே போய்டுங்க” என்றாள் அலமேலு. அவர் போனார். “அய்யோ, அங்க வெய்யிலுங்க. பின்னாடி எடுங்க.” அவர் எடுத்தார். கவைக்கோல்கள் ஒவ்வொன்றாக அசையத் தொடங்கின. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கதிரைப் புரட்டினார்கள். கோவிந்தனுக்குத் தாங்கவில்லை. சிவப்புத் துண்டை உதறிக்கொண்டு ரோட்டு நடுவே ஓடினார்.

“ஓரமா வாங்க சார், ஓரமா! அலமேலு, நீ அந்தப் பக்கம் நின்னு சொல்லு!”

அலமேலு வண்டிக்கு முன்னால் போய் நின்று, இரண்டு கையையும் உயர்த்தி, கண்ணாடிக்குள் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தபடி சொன்னாள்:

“அவ்ளோதாங்க, முடிஞ்சிட்ச்சு. இன்னும் ரெண்டே ரெண்டு வாட்டி.”